பெரிய திரை எதற்கென்றால்

தம்பி,

இதைப் படுத்துக்கொண்டு படிக்காதே. எழுந்து உட்கார். அறையில் கூட்டாளி யாராவது இருந்தால் வெளியே ஒரு மரத்தடியாகப் பார்த்துப் போய் உட்கார். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடந்துகொண்டே ஒரு காதில் கேட்டு "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மெஸ் வரிசையில் நின்றபடி பாதியைப் படிப்பாய். அதனால்தான் தாளில் எழுதி உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அரிசி மில்லில் லாரிக்காரர்களுக்குக் கொடுக்கும் எடைச் சீட்டைத் தவிர நான் கையால் எதையும் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கேலி செய்யாதே. நாளைக்கு நீ எழுதப்போகும் மருந்துச் சீட்டை ஊரே படிக்க முடியாமல் முழிக்கத்தான் போகிறது.

திங்கட்கிழமை உங்களுக்கு அனாட்டமி ஹாலில் முதல் வகுப்பு என்று சொன்னாய். அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் அப்பாவைப் பற்றியது. ஒன்றரை வருஷமாக அதைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு நாள் வராது என்று இப்போது புரிகிறது. தில்லைநகர் கடையில் லேப்டாப்புக்காக நாம் போட்ட சண்டையிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வாய் வரும்.

அன்றைக்கு நீ கடைக்குள் நுழையும்போதே தெளிவாக இருந்தாய். சீனியர்களிடம் கேட்டுவிட்டு வந்திருந்தாய். எடை குறைவாக இருக்க வேண்டும், சார்ஜ் நாள் முழுக்க நிற்க வேண்டும், வகுப்பு நோட்ஸும் வீடியோவும் பார்க்க முடிந்தால் போதும், மற்றதெல்லாம் வீண் என்றாய். நீ சொன்னது அத்தனையும் சரிதான். நான்தான் அந்தப் பெரிய திரை லேப்டாப்பின் முன்னால் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றேன். கண் கெட்டுவிடும் என்று சொன்னேன், ஐந்தரை வருஷம் தாங்க வேண்டாமா என்று சொன்னேன், எங்கள் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரை உதாரணம் காட்டினேன். அது பத்து வருஷமாக ஓடுவது திரை பெரியதாக இருப்பதால்தான் என்று நான் சொன்னபோது கடைக்காரப் பையன்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஏம்மா, இத யாரும்மா ஹாஸ்டலுக்கும் கிளாசுக்கும் தூக்கிட்டு அலையறது?" என்று நீ அலுத்துக்கொண்டாய். அதற்குள் அந்தப் பையன் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, மருத்துவம் படிக்கிறவர்களுக்கென்றே இருக்கும் ஒரு மென்பொருளைத் திறந்து காட்டினான்.

திரையில் ஓர் ஆள் நின்றான். கருப்புப் பின்னணியில், கைகளைச் சற்றே விரித்து, உள்ளங்கையை நம் பக்கம் காட்டிக்கொண்டு. யாரும் தொடாமலே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். "இதுல உள்ள ஒவ்வொண்ணையும் தனித்தனியா கழட்டிப் பாக்கலாங்க மேடம்" என்று பையன் சொல்லிவிட்டு, ஒரு தட்டில் தோலை எடுத்தான். அடுத்த தட்டில் சதை போயிற்று. கடைசியில் எலும்பும், குழிக்குள் இரண்டு கண்களும் மட்டும் மிச்சம். எல்லாம் போன பிறகும் அந்தக் கண்கள் மட்டும் திறந்தபடி சுற்றிச் சுற்றி வந்தன. சுற்றும்போதெல்லாம் ஒரு நொடி என்னைப் பார்த்தன. நான் அவன் கைகளைத்தான் பார்த்தேன். பத்து விரலும் முழுசாக இருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு அந்தப் பையனிடம், இது இருந்தால் பிள்ளைகள் நிஜ உடம்பைப் பார்க்கவே போக வேண்டியதில்லையா என்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். நீ சத்தமாகச் சிரித்து, "அதெப்படிம்மா, ஹால்ல போய் கைய வச்சாத்தான் டாக்டரு" என்றாய். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி வெளியே போய் நின்றேன். ஏசி கடைக்குள் என்ன புழுக்கம் என்று நீ கேட்கவில்லை. உனக்கு எடை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்தாய்.

உன் அப்பாவை எரிக்கவில்லை, தம்பி. அவர் உன் கல்லூரியில் இருக்கிறார்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நீயும் வேண்டுமானால் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் படி.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்பாவின் ஆள்காட்டி விரல் நுனி போனபோது உனக்கு நாலு வயசு. ஆஸ்பத்திரியில் தையல் போட வந்தவன் படித்து முடிக்காத பிள்ளை, கை அப்படி நடுங்கியது. எனக்கு ஆத்திரமாக வந்தது, பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். அப்பா வலியோடு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீங்க தைங்க தம்பி, நான் ஆடாம இருக்கேன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க ஒர்க்ஷாப்ல பழைய இன்ஜினைப் பிரிச்சுப் பாக்காம எவனும் ஃபிட்டர் ஆனதில்ல. இவங்களுக்கும் ஒண்ணு வேணும்ல?" அதற்கடுத்த மாதமே போய் உடல் தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சாட்சிக் கையெழுத்து நானும் உன் சித்தப்பாவும். நான் விளையாட்டுக்குப் போடுவதுபோலத்தான் போட்டேன். நாற்பது வயசுக்காரர் சாகவா போகிறார் என்று நினைத்தேன். நீ டாக்டராவாய் என்று அப்போது யார் கண்டது, நீ ஒன்றாம் வகுப்புக்கே அழுதுகொண்டு போனவன்.

அவர் போனது உன் ப்ளஸ் டூ பரீட்சைக்கு நடுவில் என்பதும், அதை உனக்குச் சொல்லாமல் மறைத்ததும் உனக்குத் தெரிந்ததுதான். மூன்று பரீட்சை பாக்கி இருந்தது. சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்காகப் பழியை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க மாட்டேன், முடிவு என்னுடையது. அன்று சாயங்காலம் நாமக்கல்லிலிருந்து வார்டன் போனில் நீ பேசினாயே, அப்போது கூடம் நிறைய ஆட்கள். நான் கையைக் காட்டியதும் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். "அப்பாட்ட குடும்மா" என்றாய். "தூங்குறாருப்பா" என்றேன். "என்னம்மா உர்ருன்னு ஒரு சத்தம்?" என்றாய். "பக்கத்து வீட்டுல ஏதோ மெஷின் ஓடுது" என்றேன். அது அவரைப் படுக்க வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் சத்தம். நீ பயாலஜிக்கு எப்படிப் படித்திருக்கிறாய் என்று கேட்டேன், இதயப் பாடம் வந்தால் ஒரு கை பார்த்துவிடுவேன் என்றாய். பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் உனக்கு வாழ்த்துச் சொன்னேன். இன்றுவரை ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டால் எழுந்து போய் நிறுத்திவிடுகிறேன். பால் ஏன் அடிக்கடி திரிகிறது என்று கேட்பாயே, அதுதான் காரணம்.

மறுநாள் காலையில் அவரை வண்டியில் ஏற்றியபோது தெருவில் எல்லோரிடமும் மின் மயானம் என்று சொன்னோம். கரண்டில் எரிப்பதுதானே, கூட்டம் வேண்டாம் என்று மற்றவர்களைத் தடுத்துவிட்டோம், வண்டியில் போனது நானும் சித்தப்பாவும் மட்டும். கல்லூரியில் கொடுத்துவிட்டு, ஒரு ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் வரும்போதுதான் சித்தப்பா கேட்டார், "அண்ணன் ஆசைப்பட்டுச்சு, குடுத்தாச்சு. பையன் வந்து அஸ்தி எங்கன்னு கேட்டா என்னண்ணி சொல்றது?" ஊர்க்காரர்களைவிட எனக்கு உன்னை நினைத்துத்தான் பயம். அப்பா செத்ததையே அஞ்சு நாள் கழித்துச் சொல்லப் போகிறேன். அதோடு, முகத்தைக்கூடப் பார்க்க முடியாது, உடம்பைக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? நீட் வேறு ஒரு மாதத்தில். நீ உடைந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் கையில் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

மண்ணச்சநல்லூர் மில்லில் பாய்லருக்குப் பின்னால் உமிச் சாம்பல் குவிந்து கிடக்கும், நீ சின்ன வயசில் வந்தால் அதன் பக்கம் போகாதே என்று அதட்டுவேன். எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு புது மண்கலயத்தில் அதை அள்ளினேன். அடியில் இன்னும் சூடு இருந்தது. வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மஞ்சள் தடவி, பையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு டோல்கேட் பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் அந்தச் சூடு சேலையைத் தாண்டித் தொடையில் உறைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் சாப்பாடா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அதைத்தான் நீ மொட்டையடித்துக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறையில் இரண்டு கையாலும் வாங்கினாய்.

காவிரியில் அப்போது முழங்கால் தண்ணீர்தான். நீ கலயத்தைக் கவிழ்த்தாய். மனுஷ சாம்பல் என்றால் எலும்போடு கீழே போகும். உமிச் சாம்பல் முங்காது, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருகருவென்று மேலே மிதந்தது. ஓட்டத்தோடும் போகவில்லை. உன் இரண்டு காலையும் சுற்றி வளையமாக நின்றது. நீ தண்ணீரைத் தள்ளிவிடத் தள்ளிவிட, போய்விட்டுத் திரும்பி வந்து உன்மேல் ஒட்டியது. சாஸ்திரிகள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மந்திரத்தைத் தொடர்ந்தார். நீ திரும்பி, "எலும்பே இல்லையேம்மா" என்றாய். "கரண்ட்ல எரிச்சா எல்லாம் பொடியாயிடும்பா" என்று சொன்னேன். கரையேறியபோது உன் முட்டிக்குக் கீழே கருப்பாக ஒரு கோடு. வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தாய். "அப்பாவுக்குப் போக மனசில்ல போலிருக்கும்மா" என்று துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாய். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதைவிடப் பெரிய தப்பை நான் செய்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்றால், மற்ற பொம்பிளைகளுக்குப் புருஷன் செத்தால் செத்ததுதான், எனக்கு அப்படி ஆகவில்லை. இதே ஊரில், பஸ் போகும் தூரத்தில், மருந்துத் தண்ணீரில் அவர் படுத்திருக்கிறார். இன்னும் முகம் இருக்கிறது. நுனி போன விரல் இருக்கிறது. வருஷத் திதிக்கு நீ பிண்டம் வைத்தபோது, யாருக்கு வைக்கிறோம் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் தடவை கிடைக்காமல் நீ இரண்டாம் தடவை நீட் எழுதித் தேறியதும், கவுன்சிலிங்கில் திருச்சியை முதலில் போடாதே, தஞ்சாவூரோ மதுரையோ போடு என்று நான் மன்றாடியது இதற்குத்தான். "உன்னத் தனியா விடக்கூடாதுன்னு பாக்கறேன், நான் பக்கத்துல இருக்கறது உனக்குப் பிடிக்கலையாம்மா?" என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இடம் கிடைத்த செய்தி வந்ததும் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தேன், ஒரு துண்டுகூட எனக்கு உள்ளே இறங்கவில்லை. கடையில் அந்தப் பெரிய திரைக்கு அடம்பிடித்ததும் இதற்குத்தான், படத்திலேயே பார்த்துப் படித்துவிட்டால் நீ அந்த ஹாலுக்குப் போக வேண்டாமே என்று.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் நீ சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாய். நான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து வைப்போம், அவர் பார்க்கட்டுமே என்று ஒரு நினைப்பு. நீ முந்தின நாளே முகத்தைக் காட்டித் திறக்கிற மாதிரி அதைச் செய்து வைத்திருந்தாய், எனக்குத் தெரியாது. திறந்ததும் மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. உங்களைத் தேடுகிறேன் என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எதிரே அவர் படம், மாலையோடு. அது அவரையே பார்த்துக்கொண்டு தேடியது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, அடையாளம் தெரியவில்லை என்றது. மறுபடி விளக்கு எரிந்து மறுபடி தேடியது. நான் நகரவே இல்லை. திங்கட்கிழமை அந்த ஹாலில் மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருவர் இருக்கப் போகிறார்கள், ஒருவருக்கும் ஒருவரைத் தெரியப் போவதில்லை. அல்லது விரலைப் பார்த்து, கையில் கத்தியோடு, எல்லோருக்கும் முன்னால், உனக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூடியைச் சாத்தினேன். உன்னை ஹாஸ்டலில் விட்ட அன்றே அனாட்டமி துறைக்குப் போனேன். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று அரைமணி காணாமல் போனேனே, அப்போது.

அங்கே ஒரு பேராசிரியை அம்மா. ரசீதைக் காட்டினேன். உள்ளே ஃபிரிட்ஜ் மாதிரி ஏதோ உறுமிக்கொண்டிருந்தது, மருந்து நெடியில் கண் எரிந்தது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் என்று உடம்பே சொன்னது. அந்த அம்மா பதிவேட்டைப் புரட்டி அப்பா பெயரின்மேல் விரலை வைத்தார். இந்த வருஷத்துக்கு எடுத்து வைத்ததில் அவரும் இருக்கிறாராம். எந்த மேஜை யார் என்று பொதுவாகச் சொல்வதில்லையாம். எழுதிக் கொடுத்தால் அவரைத் தனியாக எடுத்து வைத்துவிட முடியும், ஆனால் மகன் மேஜர் ஆகிவிட்டதால் அவன் கையெழுத்தும் வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன், அவனுக்குத் தெரியாமல் நடக்க வழியில்லையா என்று கேட்டேன். பார், அப்போதும் கேட்டேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னும் எத்தன நாளைக்குங்க அவன்கிட்டேர்ந்து அவங்கப்பாவ ஒளிச்சு வைப்பீங்க?" என்று கேட்டார். அதட்டாமல் கேட்டார், அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இல்லை. நீ போட்டால் நானும் போடுவேன், நீ கிழித்துப் போட்டால் பொறுக்கி எடுக்க மாட்டேன். அவரைத் தொட்டுப் படிக்க நீ நினைத்தாலும் அவர் சந்தோஷப்படுவார், வேண்டாம் என்று ஒதுங்கினாலும் கோபிக்க மாட்டார், அவர் சுபாவம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். பையன் விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் இல்லாதபோது, முகத்தை மட்டும் திறந்து காட்டுவாராம். நிறம் மாறியிருக்கும், சற்று உப்பியிருக்கும், மனசைத் தயார்படுத்திக்கொண்டு வரச் சொன்னார். நீ போவதாக இருந்தால் நான் வெளியே வராந்தாவில் நிற்கிறேன், உள்ளே வா என்று நீ சொன்னால் மட்டும் வருகிறேன்.

என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும். நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. படிப்பைச் சாக்குச் சொல்லி ஒன்று ஒன்றாக மறைத்தேன், உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உனக்குச் சொந்தமானதைத் திருடியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. கடைசியாக ஒரு தரம் அப்பா முகத்தைப் பார்க்க உன்னை நான் விடவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தம்பி. பார்ப்பதா வேண்டாமா என்று இந்தத் தடவை நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா